சர்வதேசப் போட்டிகள் பண்பாடுகளை நெருங்க வைக்கின்றனவா? எங்கே, எப்படி?

கேள்வி இது: ஒலிம்பிக், உலகக் கோப்பை போன்ற போட்டிகள் வெவ்வேறு பண்பாட்டு மக்களை ஒன்றுசேர்க்கின்றன என்று எல்லாரும் சொல்கிறார்கள். நிஜமாகவே அப்படி நடக்கிறதா? நடந்தால் எப்படி நடக்கிறது?

நடக்கிறது. ஆனால் போட்டி வைத்தாலே நடந்துவிடுவதில்லை. இரண்டு நாட்டு அணிகளை எதிரெதிரே நிறுத்தி விசில் ஊதினால் கிடைப்பது ஆட்டம் மட்டுமே. சில நேரம் அதுவே கேடாகவும் முடியும். 1969 ஜூனில் எல் சால்வடாரும் ஹோண்டுராசும் உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் மூன்று முறை மோதின. ஜூலை 14 அன்று இரு நாடுகளுக்கும் போர் மூண்டு, ஏறக்குறைய நூறு மணி நேரம் நீடித்தது. போருக்குக் காரணம் கால்பந்து அல்ல. நிலப் பிரச்சினையும், ஹோண்டுராசில் குடியேறியிருந்த சால்வடார் மக்கள் விரட்டப்பட்டதும்தான். ஆனால் ஏற்கெனவே புகைந்துகொண்டிருந்ததை அந்த ஆட்டங்கள் ஊதிவிட்டன.

இதைப் புரிந்துகொள்ள உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் சொன்னது இன்றும் உதவுகிறது. வெவ்வேறு கூட்டத்தார் பழகினால் வெறுப்பு குறையும் என்பதற்கு அவர் நான்கு நிபந்தனைகள் வைத்தார். அந்த இடத்தில் இரு தரப்புக்கும் சம மதிப்பு இருக்க வேண்டும். இலக்கு ஒன்றாக இருக்க வேண்டும். அதை எட்ட ஒருவர் கையை ஒருவர் எதிர்பார்க்க வேண்டும். மேலிடத்தின் ஆதரவும் இருக்க வேண்டும். சர்வதேசப் போட்டியை இந்த நான்கோடு ஒட்டிப் பாருங்கள். சம மதிப்பு உண்டு: நூறு மீட்டர் எல்லாருக்கும் நூறு மீட்டர்தான். மேலிடத்தின் ஆதரவும் பெரும்பாலும் உண்டு. நடுவில் உள்ள இரண்டும்தான் இல்லை. ஒரு தங்கத்துக்கு இருவர் ஓடும்போது ஒருவரின் வெற்றி மற்றவரின் தோல்வி. அந்த இரண்டையும் யாராவது வேலை மெனக்கெட்டு உண்டாக்கினால்தான் உண்டு. நல்ல போட்டிகளில் அந்த வேலை நடந்திருக்கும். மற்றவற்றில் விழாப் பேச்சில் மட்டும் இருக்கும்.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். மாட் லோ என்ற பொருளியலாளர் உத்தரப் பிரதேசத்தில் வெவ்வேறு சாதி இளைஞர்களைக் கொண்டு கிரிக்கெட் லீக் நடத்தினார். ஒரே அணியில் கலந்து ஆடியவர்களிடம் சாதி தாண்டிய நட்பு கூடியது. வேற்றுச் சாதியாரை எதிரணியில் மட்டும் சந்தித்தவர்களிடம் விளைவு எதிர்ப்பக்கம் போனது. அதே ஆட்டம், அதே மைதானம். யார் எந்தப் பக்கம் நின்றார் என்பது மட்டுமே மாறியது. 2020இல் வெளியான சல்மா மூசாவின் ஆய்வு இராக்கில் நடந்தது. ஐஎஸ் அமைப்பால் விரட்டப்பட்ட கிறிஸ்தவர்களின் கால்பந்து அணிகளில் சிலவற்றில் முஸ்லிம் வீரர்களைச் சேர்த்தார். கலந்து ஆடியவர்கள் லீக் முடிந்த பிறகும் முஸ்லிம்களோடு சேர்ந்து பயிற்சி செய்வது கூடியது. ஆனால் மைதானத்துக்கு வெளியே, முன்பின் தெரியாத முஸ்லிம்களிடம் அவர்கள் பழகும் விதம் பெரிதாக மாறவில்லை. இந்த எல்லையை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். விளையாட்டு தெரிந்த முகங்களை நெருக்கமாக்குகிறது. ஒரு சமூகத்தையே ஒரே மாதத்தில் மாற்றிவிடாது.

ஒரே அணியாக ஆடுவது என்றால் அன்றாடத்தில் என்னென்ன செய்ய வேண்டியிருக்கும் என்பதற்கு 2018 பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்கில் இறங்கிய கூட்டுக் கொரிய பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி நல்ல உதாரணம். தென் கொரியாவிலிருந்து 23 பேர், வட கொரியாவிலிருந்து 12 பேர். வடக்கு வீராங்கனைகள் வந்தது ஜனவரி 25. முதல் ஆட்டம் பிப்ரவரி 10. இரு தரப்புக்கும் தாய்மொழி ஒன்றுதான், ஆனாலும் பனித்தளத்தில் பேச்சு புரியவில்லை. தெற்கில் 'பாஸ்', 'கோலி' என்று ஆங்கிலச் சொற்களையே புழங்குகிறார்கள். வடக்கில் எல்லாவற்றுக்கும் சொந்தச் சொல். கோல்கீப்பருக்கு அவர்கள் சொல்லும் சொல்லின் நேர்ப்பொருள் வாயிற்காவலர். நொடிக்கு நொடி மாறும் ஆட்டத்தில் இந்தச் சிக்கல் சின்னது அல்ல. கனடாவைச் சேர்ந்த பயிற்சியாளர் சாரா மரே இரு தரப்புச் சொற்களையும் அருகருகே எழுதிய ஒரு சிறு அகராதியைத் தயாரித்து எல்லார் கையிலும் கொடுத்தார். உடைமாற்றும் அறையில் வடக்கும் தெற்கும் மாறி மாறி உட்காரும்படி இருக்கைகளை ஒதுக்கினார். ஆடிய ஐந்து ஆட்டங்களிலும் அணி தோற்றது; அடித்தது மொத்தம் இரண்டு கோல். இதற்கு ஒரு விலையும் இருந்தது. பல வருடம் உழைத்த தென் கொரிய வீராங்கனைகள் சிலர் ஆடும் வாய்ப்பை விட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. அவர்களிடம் முன்கூட்டியே கேட்கவில்லை என்ற கோபம் நாட்டில் பலமாக எழுந்தது. அது நியாயமான கோபம். 1991இல் ஜப்பானின் சீபா நகரில் நடந்த உலக டேபிள் டென்னிஸ் போட்டிக்கும் இரு கொரியாக்களும் ஒரே அணியாக வந்தன. அதற்கு ஏறக்குறைய ஒரு மாதம் சேர்ந்து பயிற்சி செய்ய நேரம் கிடைத்தது. பெண்கள் குழுப் பிரிவில் அந்த அணி சீனாவையே வென்று தங்கம் வாங்கியது. பதினைந்து நாளுக்கும் ஒரு மாதத்துக்கும் உள்ள வித்தியாசம் பெரிது.

ஆனால் நூற்றுக்கணக்கான நாடுகளைக் கலந்து அணி அமைக்க முடியாது. அப்படியானால் பொது இலக்கு எங்கே இருக்கிறது? ஆட்டத்தின் விதிகளில். எதிரிகளாக நிற்பவர்களும் ஒரே விதிகளைக் கட்டிக் காக்கிறார்கள். அந்த விதிகள் எல்லாருக்கும் புரியும்படி இருக்க வேண்டும் என்ற தேவையிலிருந்து பிறந்தவை உலகம் முழுக்கப் பரவியிருக்கின்றன.

மஞ்சள், சிவப்பு அட்டைகளையே எடுத்துக்கொள்ளுங்கள். 1966 உலகக் கோப்பைக் காலிறுதி, ஜூலை 23, வெம்ப்ளி மைதானம். இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் ஆடின. ஜெர்மன் நடுவர் ருடால்ஃப் கிரைட்லைன் அர்ஜென்டினா அணித் தலைவர் அன்டோனியோ ராட்டினை வெளியேறச் சொன்னார். நடுவருக்கு ஸ்பானிஷ் தெரியாது, ராட்டினுக்கு ஜெர்மன் தெரியாது. மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடுங்கள் என்று ராட்டின் நின்றுகொண்டார். பல நிமிடம் ஆட்டம் நின்றது. அதே ஆட்டத்தில் இங்கிலாந்தின் சார்ல்டன் சகோதரர்களை நடுவர் எச்சரித்திருந்தார். அந்த எச்சரிக்கையும் தெளிவாகப் போய்ச் சேரவில்லை. நடுவர்களுக்குப் பொறுப்பாக இருந்த கென் ஆஸ்டன் காரில் போகும்போது சாலை சிக்னலில் நின்றார். மஞ்சள் என்றால் நிதானி, சிவப்பு என்றால் நில் என்பதற்கு மொழி தேவையில்லை என்று அங்கே தோன்றியது. 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் வந்தன. இன்று எந்த நாட்டு நடுவரும் எந்த நாட்டு வீரரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் தீர்ப்புச் சொல்ல முடிகிறது.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கிலும் இதே தேவைதான் எழுந்தது. வந்தவர்களில் பெரும்பாலோருக்கு ஜப்பானிய எழுத்து தெரியாது. கலை இயக்குநர் மசாரு கட்சுமியின் தலைமையில் வடிவமைப்பாளர்கள் 20 விளையாட்டுகளுக்கு எளிய படக்குறிகள் வரைந்தார்கள். கழிப்பறை, தொலைபேசி போன்ற வசதிகளுக்கும் தனியாக வரைந்தார்கள். பிறகு யார் வேண்டுமானாலும் பயன்படுத்தட்டும் என்று காப்புரிமையை விட்டுக்கொடுத்தார்கள். படக்குறி அதற்கு முன்பும் உண்டு. ஆனால் ஒலிம்பிக்குக்கு என்று முழுத் தொகுதியாக முறைப்படுத்தியது அங்கேதான். இன்று விமான நிலையங்களில் படத்தைப் பார்த்தே வழி கண்டுபிடிக்கும் பழக்கம் பரவியதில் அதற்குப் பெரிய பங்குண்டு.

விதிகள் சேர்ப்பது போலவே வெளியே தள்ளவும் செய்யும். 2011 ஜூனில் அம்மான் நகரில் ஒலிம்பிக் தகுதி ஆட்டத்துக்கு வந்த ஈரான் பெண்கள் கால்பந்து அணி, தலையை மூடியிருந்ததால் ஆட விடப்படவில்லை. கழுத்தில் துணி இறுகி ஆபத்து நேரலாம் என்பது சொல்லப்பட்ட காரணம். விதியை வகுக்கும் சர்வதேசக் குழு 2012 ஜூலையில் சோதனைக்கு அனுமதித்து, 2014 மார்ச்சில் விதியையே திருத்தியது. திருத்தம் எப்படி எழுதப்பட்டது என்பது கவனிக்க வேண்டியது. எந்த மதத்தின் பெயரும் அதில் இல்லை. தலைமூடி கருப்பாகவோ சட்டையின் பிரதான நிறத்திலோ இருக்க வேண்டும்; சட்டையோடு தைத்திருக்கக் கூடாது; துருத்திக்கொண்டு எதுவும் நீளக் கூடாது; அணிபவருக்கோ மற்றவருக்கோ ஆபத்தாக இருக்கக் கூடாது. ஹிஜாப், சீக்கியத் தலைப்பாகை இரண்டுக்கும் இந்த ஒரே விதி போதும். 2023 பெண்கள் உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாப் அணிந்து ஆடினார். கூடைப்பந்தில் இந்த மாற்றம் பிந்தியது. 2014 இஞ்சோன் ஆசிய விளையாட்டில் கத்தார் பெண்கள் அணி ஹிஜாபைக் கழற்ற மறுத்து ஆடாமலே திரும்பியது; அங்கே தடை நீங்கியது 2017இல்தான். பண்பாடுகள் கூடுகின்றன என்று தொடக்க விழாவில் நடனம் ஆடிக் காட்டுவதை விட, விதிப் புத்தகத்தின் ஒரு பத்தியைத் திருத்துவது எத்தனையோ மடங்கு பெரிய காரியம் என்பது என் உறுதியான கருத்து.

சொற்களும் இப்படியே ஊர் மாறிப் போகின்றன. உலகின் எந்த மூலையில் ஜூடோ ஆடினாலும் தொடங்க 'ஹஜிமே', நிறுத்த 'மத்தே'. வாள்வீச்சில் பிரெஞ்சு. 2008 பெய்ஜிங் தொடக்க விழாவில் நாடுகள் சீன எழுத்தின் கோடுகளின் எண்ணிக்கைப்படி வந்தன. வழக்கமாக முன்னால் வரும் ஆஸ்திரேலியா அன்று கடைசிக்குப் பக்கத்தில் நடந்தது. நாம் பழகிய அகர வரிசை உலக நியதி அல்ல என்று ஒரு மாலைப் பொழுதில் கோடிக்கணக்கானோர் கண்ணால் பார்த்தார்கள்.

ஒலிம்பிக் கிராமத்துக்கு வருவோம். முறையான முதல் கிராமம் 1932 லாஸ் ஏஞ்சலஸில் அமைந்தது. அதில் ஆண்களுக்கு மட்டும் இடம், பெண்கள் ஓட்டலில் தங்கினார்கள். இன்று சாப்பாட்டுக் கூடம் 24 மணி நேரமும் திறந்திருக்கும். பாரிஸ் 2024 கிராமத்தில் கிறிஸ்தவம், இஸ்லாம், யூதம், இந்து, பௌத்தம் என ஐந்து மதத்தாருக்கும் ஒரே மையத்தில் வழிபாட்டு இடங்கள் இருந்தன. ஆனால் அங்கே பழக்கத்தைத் தொடங்கி வைப்பது பெரும்பாலும் ஒரு விரல்நுனி அளவுப் பொருள்: சட்டையில் குத்தும் பின். 1896 ஏதென்ஸில் வீரர், நடுவர், அதிகாரி என்று அடையாளம் காட்ட அட்டைப் பேட்ஜ்கள் கொடுத்தார்கள். அதிலிருந்து வளர்ந்த வழக்கம் இது. ஒவ்வொரு நாட்டு அணியும் தன் பின்களோடு வரும். கழுத்துப் பட்டையில் குத்திக்கொண்டு நடப்பார்கள். பிடித்ததை விரலால் காட்டி, தன்னுடையதை நீட்டினால் போதும். ஒன்றுக்கு ஒன்று, பணம் கிடையாது. சின்ன நாட்டுக்கு வீரர்கள் குறைவு, பின்களும் குறைவு, ஆகவே அதற்குத்தான் கிராக்கி. நூற்றுக்கணக்கான வீரர்களோடு வந்த நாட்டின் பின் எல்லாரிடமும் இருக்கும். ஐந்து பேரோடு வந்த தீவு நாட்டின் பின்னைத் தேடி மற்றவர்கள் அவர்கள் மேசைக்குப் போக வேண்டும். பதக்கப் பட்டியலில் இல்லாத சமத்துவம் அந்த நேரம் அங்கே இருக்கிறது. நட்சத்திர வீரர்கள் கிராமத்தை விட்டு ஓட்டலிலோ கப்பலிலோ தங்குவதை நான் குறையாகவே பார்க்கிறேன். பாதுகாப்புக் காரணம் புரிகிறது; ஆனால் ஆல்போர்ட்டின் முதல் நிபந்தனை அங்கேயே உடைகிறது.

நிறைவு விழாவில் வீரர்கள் நாடு பார்க்காமல் கலந்து நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது ஒரு பையனின் யோசனை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக் பதற்றமான நேரத்தில் நடந்தது. ஹங்கேரி மீதான சோவியத் தாக்குதலைக் கண்டித்துச் சில நாடுகளும், சூயஸ் பிரச்சினையால் வேறு சில நாடுகளும் வரவில்லை. டிசம்பர் 6 அன்று ஹங்கேரி, சோவியத் அணிகளின் வாட்டர் போலோ ஆட்டத்தில் ஹங்கேரியின் எர்வின் சாடோர் முகத்தில் அடி வாங்கி ரத்தம் வழிய வெளியே வந்தார். அந்த வாரத்தில், ஜான் இயன் விங் என்ற 17 வயதுத் தச்சுப் பயிற்சியாளர், சீன வம்சாவளியில் ஆஸ்திரேலியாவில் பிறந்தவர், அமைப்புக் குழுவுக்குக் கடிதம் எழுதினார். அதில் இருந்தது வெறும் ஆசை அல்ல, செய்முறை. அணியாக நடக்கக் கூடாது. ஒரே நாட்டுக்காரர் இருவருக்கு மேல் சேர்ந்திருக்கக் கூடாது. எல்லாரும் பரவி நடக்க வேண்டும். ராணுவ நடை வேண்டாம். இயல்பாக நடந்து, கூட்டத்துக்குக் கையசைக்கட்டும். குழு ஏற்றுக்கொண்டது. டிசம்பர் 8 அன்று அப்படியே நடந்தார்கள். பின்னர் அது ஒலிம்பிக் மரபாகிவிட்டது. 'இருவருக்கு மேல் வேண்டாம்' என்ற அந்த ஒரு வரி இல்லாமல் 'கலந்து நடங்கள்' என்று மட்டும் சொல்லியிருந்தால், அவரவர் தம் நாட்டாரோடுதான் ஒட்டிக்கொண்டிருப்பார்கள்.

பார்வையாளரும் உள்ளூர் மக்களும் இதில் எப்படிச் சேர்வது? இதில் ஜப்பான் காட்டிய வழியை எங்கும் பின்பற்றலாம். 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டின்போது நகரின் ஒவ்வொரு சமூகக் கூடமும் ஒரு நாட்டைத் தத்தெடுத்தது. அந்த நாட்டைப் பற்றிக் கற்றார்கள், அதன் ஆட்டங்களுக்குப் போய்க் கைதட்டினார்கள். 1998 நாகானோ குளிர்கால ஒலிம்பிக்கில் அதையே பள்ளிகளுக்குக் கொண்டுபோனார்கள்: ஒரு பள்ளிக்கு ஒரு நாடு. பிற்பாடு வந்த ஒலிம்பிக் நகரங்களும் அதை எடுத்துக்கொண்டன. 2019 ரக்பி உலகக் கோப்பைக்கு முன் வேல்ஸ் அணி கிடாக்யூஷு நகரில் பயிற்சிக்கு வந்தபோது, சுமார் 15,000 பேர் வேல்ஸ் நாட்டுப் பண்ணை வேல்ஸ் மொழியிலேயே பாடினார்கள். மாதக்கணக்கில் பழகியிருந்ததால்தான் அது முடிந்தது.

எல்லாவற்றையும் விட என்னை நெகிழச் செய்வது நகாட்சுவே. 2002 உலகக் கோப்பைக்குக் கேமரூன் அணிக்குத் தங்குமிடம் தந்த மலைக் கிராமம். மக்கள்தொகை ஏறக்குறைய 1,300. போனஸ் தகராறும் பயணச் சிக்கலும் சேர்ந்து அணி ஐந்து நாள் தாமதமாக, விடிகாலை மூன்று மணிக்கு வந்து இறங்கியது. அந்த நேரத்திலும் ஊரார் கொடியோடு காத்திருந்தார்கள். கேமரூன் முதல் சுற்றிலேயே வெளியேறியது, ஆனால் உறவு நிற்கவில்லை. கிராமம் 2005இல் ஹிடா நகரோடு இணைந்த பிறகும் தொடர்ந்தது. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அந்த நகரமே கேமரூனின் விருந்தோம்பல் ஊராகப் பதிவு செய்துகொண்டது. பெருநகரத்தில் முப்பது அணிகளில் ஒன்றாக இறங்கியிருந்தால் இது நடந்திருக்காது. ஓர் ஊருக்கு ஓர் அணி என்ற கணக்குதான் காரணம்.

தற்செயலாக நேரும் சந்திப்புகளும் உண்டு. 1971 ஏப்ரல் 4, ஜப்பானின் நகோயா. உலக டேபிள் டென்னிஸ் போட்டி. அமெரிக்க வீரர் கிளென் கோவன், வயது 19, சீன அணியின் பேருந்தில் ஏறிவிட்டார். அமெரிக்கர்களோடு ஒதுங்கியே பழக வேண்டும் என்பது சீன அணிக்கு இருந்த உத்தரவு. பதினைந்து நிமிடப் பயணத்தில் பாதிக்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை. பிறகு மூன்று முறை உலகச் சாம்பியனான ஜுவாங் ஜெடோங் பின்னிருக்கையிலிருந்து எழுந்து வந்து, மொழிபெயர்ப்பாளர் மூலம் பேசி, ஹுவாங்ஷான் மலை தீட்டிய பட்டுத் துணி ஒன்றைக் கொடுத்தார். இறங்கும்போது வெளியே புகைப்படக்காரர்கள் நின்றார்கள். ஏப்ரல் 10இல் அமெரிக்க அணி சீனாவுக்குள் போனது. 1972 பிப்ரவரியில் அதிபர் நிக்சனே போனார். பரிசு கொடுத்த கை ஜுவாங்குடையது. ஆனால் இரு அரசுகளும் அதற்கு முன்பே உள்ளுக்குள் நெருங்கப் பார்த்துக்கொண்டிருந்தன. நான்காவது நிபந்தனையான மேலிட ஆதரவு இல்லாவிட்டால், அந்தப் பட்டுத் துணி ஒரு நல்ல நினைவாக மட்டும் நின்றிருக்கும்.

எங்கே தவறுகிறது என்றும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு நாட்டுத் தொலைக்காட்சியும் பெரும்பாலும் தன் வீரரையே காட்டும். ஒரே ஒலிம்பிக்கைப் பார்த்ததாக நினைக்கும் இரு நாட்டார் உண்மையில் இருவேறு போட்டிகளைப் பார்த்திருப்பார்கள். தோல்வியின்போது ஒட்டியிருந்தது பெயர்ந்துவிடும். 2021 ஜூலை 11, ஐரோப்பியக் கால்பந்து இறுதியில் பெனால்டி தவறவிட்ட இங்கிலாந்தின் கருப்பின வீரர்கள் ராஷ்ஃபோர்ட், சாஞ்சோ, சாகா மூவரையும் அன்றிரவே நிறவெறி வசை துரத்தியது. ஒரு மாதப் போட்டி மட்டுமல்ல, வாராவாரம் பார்க்கும் லீக்கும் தாக்கம் ஏற்படுத்தும் என்பதற்குச் சான்று உண்டு. எகிப்தைச் சேர்ந்த முஸ்லிம் வீரர் முகமது சாலா இங்கிலாந்தின் லிவர்பூல் அணிக்கு வந்த பிறகு, அந்நகரம் இருக்கும் மெர்சிசைடு பகுதியில் வெறுப்புக் குற்றங்கள், அவர் வராதிருந்தால் எதிர்பார்த்திருக்கக்கூடிய அளவை விட 16% குறைவாக இருந்ததாக 2021இல் வெளியான ஓர் ஆய்வு கணித்தது.

பள்ளியோ கல்லூரியோ மன்றமோ, வெளிநாட்டு அணிகளை அழைத்துப் போட்டி நடத்தப் போகிறீர்கள் என்றால் இவற்றிலிருந்து எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. மூன்று மாதம் முன்பே ஒவ்வொரு அணிக்கும் ஒரு வகுப்பையோ ஒரு தெருவையோ பொறுப்பாக்குங்கள். பொதுவாக 'எல்லாரையும் வரவேற்போம்' என்றால் யாரும் யாரையும் வரவேற்க மாட்டார்கள். வீரர் ஒவ்வொருவரும் தம் பெயரைத் தாமே உச்சரித்துப் பதிவுசெய்து அனுப்பச் சொல்லி, அறிவிப்பாளரிடம் கொடுத்துவிடுங்கள். உடை, தொழுகை நேரம், விரத நாள் ஆகியவற்றை விண்ணப்பப் படிவத்திலேயே கேளுங்கள்; வந்த பிறகு கேட்டால் அவர்கள் சலுகைக்குக் கெஞ்சுவது போலாகிவிடும். நடுவர்களின் கை சைகைகளை ஒரே தாளில் படமாகப் போட்டு எல்லா அணிக்கும் கொடுங்கள். முதல் நாளே நாடு பார்க்காமல் சீட்டுக் குலுக்கி ஒரு கலப்பு ஆட்டம் வையுங்கள்; கடைசி நாளுக்குத் தள்ளினால் முகம் பழகும் நேரத்தில் ஊருக்குக் கிளம்பியிருப்பார்கள். டோக்கியோ 2020இல் நோய்த்தொற்றுக் கட்டுப்பாட்டால் தம் போட்டி முடிந்த 48 மணி நேரத்துக்குள் வீரர்கள் கிளம்ப வேண்டியிருந்தது. அதில் இழந்தது எதுவென்றால், வெற்றி தோல்விக் கவலை தீர்ந்த பின் வரும் அந்த இரண்டு மூன்று நாள் பழக்கம்தான். உங்கள் போட்டியில் இறுதி ஆட்டத்துக்குப் பிறகு இரண்டு நாள் எதுவும் வைக்காமல் விடுங்கள். அணிகள் திரும்பும் விமானச் சீட்டைப் பதிவு செய்வதற்கு முன்பே அதைச் சொல்லிவிடுங்கள். பதிவான பிறகு மாற்றுவது கடினம்.